அப்பாவை 'ஊர்க்காரர்' என்று சொன்ன தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், தலித் மக்கள் குடியிருக்கும் காலனியில் பிறந்த தம்பி. வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது மதுரையில் ஐ.டி. வேலை. ஆபீசில் யாராவது சாதியைத் தெரிந்துகொள்ள "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால் நெஞ்சு படபடத்து, வாய்க்கு வந்த ஒரு தெருவைச் சொல்லிவிடுகிறார். வாடகை வீட்டையும் வேற சாதி ஆளுங்க என்று சொல்லித்தான் பிடித்திருக்கிறார். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். கூட நின்றவர்கள் யார் என்று கேட்டபோது தம்பி "எங்க ஊர்க்காரர்" என்று சொல்லிவிட்டார். அப்பா மறுபேச்சு பேசாமல் கொண்டுவந்த பையைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து தம்பிக்குச் சரியான தூக்கம் இல்லை. மூன்று விஷயம் கேட்கிறார். படித்து, சம்பாதித்த பிறகும் இந்தக் கூச்சம் ஏன் போகவில்லை? எல்லோரிடமும் போட்டு உடைத்துவிட்டால் போய்விடுமா? அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

நான் மதுரையில் பல வருடமாக மனநல சமூகப் பணியில் இருக்கிறேன். நானும் காலனியில் பிறந்தவள்தான். அதனால் அக்கா என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். படிப்பு வருவதற்கு முன்னாலேயே இந்தக் கூச்சம் உள்ளே வந்துவிடுகிறது, தம்பி. பட்டம் அதற்கு மேலேதான் போய் உட்காருகிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: பள்ளியில் ஸ்காலர்ஷிப் பாரம் வந்ததும் "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்பார்கள். எழுந்து நிற்கும்போது மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் வாங்கின முதல் மார்க்கும் நிற்காது. பணம் கொடுக்கத்தானே கூப்பிட்டார் என்று வாத்தியாருக்குத் தோன்றும். அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று யாரும் கேட்பதில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதிப் பேச்சே எடுக்காதபோது மேல்சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். இன்னொரு குழுவில், தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி என்று எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். தலித் பையன்கள் போட்ட எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. மூளை அதேதான், புதிரும் அதேதான். சபையில் சாதியைச் சொன்னது ஒன்றுதான் மாறியது. "எந்தத் தெரு?" என்று கேட்டவுடன் உங்களுக்கு வார்த்தை வராமல் போகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான். உங்களுக்குத் தைரியம் இல்லை என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் இதைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, இருவரும் உளவியலாளர்கள். 1940களில் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்டது என்று கேட்டார்கள். பல பிள்ளைகள் வெள்ளையைத்தான் நல்லது என்றார்கள். கடைசியில் "இதில் எது உன்னை மாதிரி இருக்கிறது?" என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டே ஓடினார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள் அவர்கள். இனம் வேறு, சாதி வேறு என்று வாதம் செய்பவர்கள் செய்யட்டும், அந்த வித்தியாசங்கள் உண்மைதான். ஆனால் ஓடிப்போன அந்தப் பிள்ளைக்கும் எழுந்து நின்ற உங்களுக்கும் நடந்தது எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்த ஆய்வும் அதன் முன் இருந்தது.

"இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சத்தியமான பேச்சு. 1939 ஜூலை 8 அன்று, தலித்துகளை அதுவரை உள்ளே விடாத மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு போன சிலரில் உங்கள் பக்கத்துத் தும்பைப்பட்டிக் கக்கனும் ஒருவர். சுத்திகரிப்புச் செய்யாமல் பூஜை செய்யமாட்டோம் என்று சில பட்டர்கள் அடம்பிடித்தார்கள். இன்றைக்கு அந்தச் சம்பவத்தைப் படிக்கும் எவரும் கக்கனுக்காகக் கூச்சப்படுவதில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, உடம்புக்குப் புரிவது வேறு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், அப்படியும் தொண்டை அடைக்கிறது. "தெரிந்தும் இப்படி இருக்கிறேனே" என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட ஆரம்பித்துவிடுகிறோம். என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது வெட்கத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலாவதை ஊர் கொடுத்தது, இரண்டாவதை நாமே வளர்க்கிறோம். அதனால் அதைத்தான் முதலில் இறக்கி வைக்க முடியும்.

இதற்கு அம்பேத்கர் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிவிட்டுத் தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பேர் தடியோடு வந்து வழிமறித்து, யார் நீ என்று கேட்டுச் சாயங்காலத்துக்குள் காலிசெய்யச் சொன்னார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். பதினெட்டு வருடம் கழித்து இதை எழுதும்போதும், நினைத்தால் கண்ணீர் வராமல் இருப்பதில்லை என்று எழுதினார். வாடகை வீட்டுக்காக நீங்கள் செய்ததைத்தான், தம்பி, அவரும் செய்தார். அதை மறைக்கவும் இல்லை, அழுததைச் சொல்லக் கூச்சப்படவும் இல்லை. ஏப்ரல் 14, அவர் பிறந்தநாளில், மதுரை அவுட்போஸ்ட்டில் இருக்கும் அவர் சிலைக்கு மாலை போடுகிற எவரும் இதற்காக அவரைக் குறைத்து எண்ணுவதில்லை. உங்களை மட்டும் ஏன் நீங்கள் குறைத்து எண்ண வேண்டும்?

இரண்டாவது கேள்வி. எல்லோரிடமும் போட்டு உடைக்க வேண்டுமா?

வேண்டாம். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. இப்போது இணையத்தில், சொல்லிவிட்டால் விடுதலை, மறைத்தால் கோழை என்கிற மாதிரி ஒரு பேச்சு ஓடுகிறது. சொன்ன பிறகு வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பி வாங்கித்தர அவர்கள் வரப்போவதில்லை. வீட்டுக்காரருக்குச் சாதியைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அதைக் கேட்கும் உரிமையே அவருக்குக் கிடையாது. அப்ரைசல் போடும் மேனேஜருக்கும் அப்படியே. தோளைத் தட்டுகிற சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவர், "நம்மாளா?" என்று நூல் விட்டுப் பார்ப்பவர், இவர்களிடம் எல்லாம் நேர்மையாக இருந்து தொலைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் யாரிடமுமே சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை நீங்கள் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். யாரிடம் எந்தத் தெருவைச் சொன்னோம் என்று ஞாபகம் வைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க முடியாது. ஊரிலிருந்து போன் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேச வேண்டும். கோட்டா பற்றி மதியச் சாப்பாட்டில் பேச்சு வந்தால் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வைக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காவல் நின்ற அசதி போகாது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அதனால் ஒரே ஒரு ஆளில் தொடங்குங்கள். எவ்வளவு நெருக்கம் என்பதை விட, இதற்கு முன் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோட்டா பேச்சு வந்தபோது சிரிக்காமல் இருந்தவர் யார்? சுத்தம் செய்ய வரும் அம்மாவைப் பேர் சொல்லி அதட்டாமல் "அக்கா" என்று கூப்பிடுபவர் யார்? அவரிடமும் எடுத்தவுடன் முழுதாகச் சொல்ல வேண்டாம். ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். இரட்டைக் கிளாஸ் இருந்த டீக்கடையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யார் பாக்குறா" என்று முடித்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைதியாகக் கேட்டு, "அப்புறம்?" என்றால் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு கூட்டம். விடுதியில் கூடப் படித்தவர்கள், அம்பேத்கர் வாசகர் வட்டம், காலனியில் ராத்திரிப் பாடம் எடுக்கும் பிள்ளைகள், ஏதாவது ஒன்று. அங்கே போய் உட்கார்ந்தால் முதல் நாளே ஒன்று நடக்கும். நீங்கள் வாழ்நாளெல்லாம் உங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைத்திருந்ததை வேறொருவர் சாதாரணமாகச் சொல்லுவார். "எங்கம்மா ஸ்கூலுக்கு வந்தா நான் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவேன்" என்று ஒரு பெண் சொல்லி, அறையில் பாதிப் பேர் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலையாட்டல் செய்கிற வேலையை எந்த ஆலோசகரின் பேச்சும் செய்யாது, என் பேச்சும் சேர்த்துத்தான். கூச்சம் பிழைத்திருப்பதே 'எனக்கு மட்டும்' என்ற நினைப்பில்தான்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். ஒரு நொடி அதிர்ச்சியாகவும் எரிச்சலாகவும் இருந்தது என்று பின்னால் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பில் ஜெயித்து உலகமே அறிந்தவர், அவருக்கும் அந்தச் சொல் சுருக்கென்றது. அப்புறம் தன் நாட்டில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த 2 கோடிக் கறுப்பின மக்களை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார். தனி ஆளாக இருந்தவரை குத்திய சொல், தன் மக்களோடு சேர்ந்து நின்றதும் அந்தக் கூர்மையை இழந்துவிட்டது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு, வேறு பக்கத்திலிருந்து. வெள்ளைக்காரன் கைரேகைச் சட்டம் என்கிற குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போட்டு உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் மொத்தப் பேரையும் பிறவிக் குற்றவாளிகளாக்கினான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு சமூகத்தையே கூனிக்குறுக வைக்கப் போட்ட சட்டம் அது. அவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. நினைவுத்தூண் எழுப்பி வருடா வருடம் கூடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். அவமானத்தை அனுபவித்தவர்கள் எல்லாரும் அடுத்தவரை அவமானப்படுத்தாமல் இருந்துவிடுவதில்லை, நம் பக்கத்து ஊர்களில் அதையும் பார்க்கிறோம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் கூச்சத்தை ஊர்கூடிச் சரித்திரமாக மாற்ற முடியும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

இப்போது அப்பா.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. சின்ன வயதில், ஊர்த்தெரு வழியாகப் போகும்போது அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார், உங்களைவிடச் சின்னப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் "சொல்லுங்க சாமி" என்பார், அதைப் பார்த்து அன்றைக்கே அவர்மேல் கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஊர்க்காரர்' என்று நீங்கள் சொன்ன அந்த நொடிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்கு ரோஷம் இல்லை என்று ஒரு பிள்ளை அன்று முடிவு செய்தது, அந்த முடிவை யாரும் இன்றுவரை திருத்தவில்லை.

அவர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் உங்களை வளர்த்தார் என்று பாருங்கள். உங்கள் மேலூர்ப் பக்கத்து மேலவளவு ஊராட்சியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியபோது முருகேசன் தலைவராக ஜெயித்தார். 1997 ஜூன் கடைசியில் பஸ்ஸை மறித்து, அவரையும் இன்னும் ஐந்து பேரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை ஒரு தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. உத்தப்புரத்தில் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். உங்கள் அப்பா இதையெல்லாம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. இதே மாவட்டத்து ஊர்களில் நடந்தது, மேலவளவு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. துண்டை இறக்கினால் இன்றைக்குக் கூலி உண்டு, பிள்ளை பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில்தான் உங்கள் படிப்பு நடந்தது. அவருக்குள் ரோஷம் இருந்ததா இல்லையா என்று நீங்கள் அவரிடம் கேட்டதே இல்லையே. கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்றால், ஊருக்குப் போங்கள். போனில் வேண்டாம். காலில் விழுந்து அழுது ஒரு பெரிய காட்சியாக்க வேண்டாம், நம் வீட்டு ஆம்பளைகள் அதற்குக் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்கள், பேச்சு அங்கேயே செத்துவிடும். அவர் ஏதாவது வேலையாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். "அன்னைக்கு உங்களை ஊர்க்காரர்னு சொல்லிட்டேன்ப்பா. பயந்து போய்ச் சொன்னேன். தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் "அத விடுப்பா, சாப்பிட்டியா" என்பார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் இருங்கள். "உங்க காலத்துல டவுனுக்குப் போனா எந்த ஊர்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, ஏறக்குறைய எல்லா அப்பாக்களிடமும் ஒரு கதை இருக்கும். அவரும் எங்காவது ஊரை மாற்றிச் சொல்லியிருப்பார், எங்காவது எதிர்த்துப் பேசிவிட்டு ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடியிருப்பார். பிள்ளைகளிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். சொன்னால் பிள்ளை பயந்துவிடும் அல்லது பழிவாங்கப் போய்விடும் என்று விழுங்கி வைத்திருப்பார்.

அவர் ஒன்றுமே பேசாமலும் இருக்கலாம். அப்போதும் வற்புறுத்தாதீர்கள். அடுத்த தடவை அவர் மதுரைக்கு வரும்போது, நீங்கள் நம்பிச் சொன்ன அந்த ஒரு ஆளிடம் "எங்கப்பா" என்று அறிமுகம் செய்யுங்கள். ஆபீஸ் மொத்தத்துக்கும் தெரிய வேண்டியதில்லை.

கோபம் வரும். வந்தால் நல்லது. பல வருடமாக உங்கள்மேலேயே திரும்பிக் கிடந்தது இப்போதுதான் சரியான திசையைப் பார்க்கிறது. யாரையும் மன்னிக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. மன்னித்தால்தான் மனசு ஆறும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அடிபடாதவர்கள். அந்தக் கோபத்தைக் குடியில் ஊற்றாமல் எழுத்தில் ஊற்றிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் இதைச் சோதித்தார்: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைத் தைத்த விஷயத்தை எழுத வேண்டும், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எழுதி முடித்தவுடன் பாரம் ஏறின மாதிரி இருக்கும், போகப் போகக் கொஞ்சம் தெளியும். மந்திரம் எல்லாம் இல்லை, பலன் சுமார்தான், ஆனால் செலவில்லாதது. ஊரில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். ஏச்சு வந்தால் ஏச்சையும் எழுதுங்கள்.

இனி யாராவது உங்களைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால், நாலு பேர் பார்க்க, கேட்க நடந்திருந்தால் அது 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம், குறிப்பு இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். இதற்கென்றே 14566 என்ற தேசிய உதவி எண் உண்டு.

தூக்கமின்மை இன்னும் இப்படியே நீடித்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, இருந்து என்ன செய்ய என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினாலோ காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியார் ஆலோசகரிடம் போவதாக இருந்தால், முதல் சந்திப்பிலேயே "சாதி சம்பந்தப்பட்ட விஷயம், இதைப் பற்றி உங்களிடம் பேசலாமா?" என்று நேராகக் கேளுங்கள். "நீங்கதான் ரொம்ப யோசிக்கிறீங்க" என்று பதில் வந்தால் அவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள், வேறு ஆளைத் தேடுங்கள். அந்த ஒரு பதிலைக் கேட்டுவிட்டு, குறை தன்னிடம்தான் என்று சிகிச்சையையே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.